ஒன்பதாவது வளைவும் ஒரு சூப்பர்சார்ஜரும்

ஜனவரி 19, ஞாயிறு

என் வண்டிக்கு மூச்சு போதவில்லை. யோசித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். இருபது வருடமாக என்னைச் சுமக்கிற எண்ணூறு சிசி காரைக் குறை சொல்ல மனம் வரவில்லைதான். ஆனால் நேற்று காந்திபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லி முந்திக்கொண்டு போனார். உள்ளே எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒரு பாட்டியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

வசந்தாமணி பொங்கலுக்கு வந்துவிட்டு இன்று காலை வால்பாறை திரும்பினாள். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. பதவி உயர்வில் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மாதம் ஒருமுறை அவள் இறங்கி வருவாள். நான் ஏறிப் போனதில்லை. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் ஆட்டோவில் போனோம். வண்டி முழுக்கக் கடைச் சாமான், யார் இறக்கி வைப்பது?

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து சொன்னாள்: “பிப்ரவரி இருபத்திரண்டு ஆண்டு விழாங்க. இந்த வாட்டியாச்சும் வந்துருங்க. ஊரு, ஸ்கூலு, நான் இருக்கற வீடு எல்லாம் ஒருக்கா பாருங்க. அதுக்கப்புறம் மாறுதல் கேக்கறதா வேண்டாமான்னு ரெண்டு பேரும் பேசிக்கலாம். நீங்க வரலீன்னா நானே முடிவு பண்ணிக்கிறேன். இன்னொருக்கா கூப்பிட மாட்டேன்.”

“வண்டி ஏறாது வசந்தா,” என்றேன்.

“பஸ் ஏறுமுங்க,” என்றாள்.

பஸ்ஸில் போவது வேறு சமாச்சாரம். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. என் தொழில் தராசு. விற்பேன், பழுது பார்ப்பேன், அரிசி ஆலைகளுக்கும் பருத்திக் குடோன்களுக்கும் போய் அவர்கள் தராசு சரியாக எடை காட்டுகிறதா என்று சோதித்துக் கொடுப்பேன். அதற்கு ஆளுக்கு இருபது கிலோ என்று இரும்பு எடைக்கற்கள் பன்னிரண்டு என்னோடு வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் ஒரு கிராம் கூடக்குறைய இருந்தாலும் சென்னியப்பன் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர்.

பக்கத்துக் கடை ஆறுச்சாமி பேட்டரி விற்கிறார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரிந்ததில் பாதி தப்பு. வண்டிக் கதையைச் சொன்னேன்.

“வண்டி சின்னதா இருக்கறது குத்தமில்லீங் மாப்ள. காத்துதான் பத்தலை. சூப்பர்சார்ஜர் போடுங்க, பிச்சுட்டுப் போகும்.”

போனில் படம் காட்டி விளக்கினார். சாதாரண என்ஜின் தானாகக் காற்றை உறிஞ்சுகிறது. சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினின் பெல்ட்டில் சுழல்கிற ஓர் ஊதி. காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூட எரியும், பெட்ரோல் கூட எரிந்தால் இழுவை கூடும். எவ்வளவு எளிமை. என் வண்டி இத்தனை நாளும் மூக்கடைப்போடு ஓடியிருக்கிறது.

ஆண்டு விழாவுக்குள் செய்து முடித்துவிட்டால் வால்பாறையில் போய் இறங்கலாம். வசந்தாவிடம் சொல்லப்போவதில்லை. நேரில் போய் நிற்கிறபோது பார்த்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 22, புதன்

இடுப்பு வலி. தவுடு ஆலையில் கற்களை இறக்கி ஏற்றியது. எண்ணெய் தேய்த்தேன், கை எட்டவில்லை.

ஜனவரி 25, சனி

செட்டிபாளையம் பக்கம் ரேஸ் வண்டிகளுக்கு என்ஜின் வேலை செய்கிற ஷெட் ஒன்றுக்குப் போனேன். நடத்துவது ரெஹானா என்கிற பெண். முப்பது வயதிருக்கும். பொறியியல் படித்துவிட்டு, சென்னையில் கார் கம்பெனி வேலையை விட்டு வந்தவளாம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முதல் வார்த்தையே “அங்கிள்” என்றாள். எனக்கு ஐம்பத்தாறுதான் ஆகிறது.

“எதுக்குங்க அங்கிள் பவர்? ரேஸ் ஓட்டப் போறீங்களா?”

“மலை ஏறணும்.”

“எந்த மலைங்க?”

“வால்பாறை. நாப்பது கொண்டை ஊசி வளைவு.”

“அங்க யாரு இருக்காங்க?”

“வீட்ல. எச்.எம்.மா இருக்காங்க.”

“அவங்க எப்படிப் போறாங்க?”

“பஸ்ல.”

அவள் ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள். பிறகு வழிகளைச் சொன்னாள். ஜப்பானில் சின்ன வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய சூப்பர்சார்ஜர் கிடைக்கும், என் என்ஜினுக்கு அளவு பொருந்தும். அல்லது டர்போ: புகைக் குழாயில் வீணாகப் போகும் காற்றைக் கொண்டு சுழல்வது. விலை குறைவு, ஆனால் என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான் வேலை செய்யும், வளைவில் மெதுவாக ஏறும்போது தூங்கிவிடும். பெல்ட்டில் ஓடுவதுதான் மலைக்குச் சரி. அதுவும் வேண்டாமென்றால் என்ஜினையே தூக்கிவிட்டு ஆயிரத்து இருநூறு சிசி வைக்கலாம்.

“எதுக்கும் முழுக் கணக்குப் போட்டு அனுப்பறேனுங்க அங்கிள். பாத்துட்டு முடிவு பண்ணுங்க,” என்றாள். அட்வான்ஸ் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

ரெஹானா கணக்கு அனுப்பினாள். ஊதி நாற்பத்தைந்தாயிரம் என்று ஆரம்பித்தது, பரவாயில்லையே என்று படித்தேன். அதைப் பொருத்த பிராக்கெட்டும் புல்லியும் தனியாகச் செய்ய வேண்டுமாம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், ஆகவே இன்ஜெக்டர். இன்ஜெக்டர் மாற்றினால் அதை ஆளும் கம்ப்யூட்டர். இழுவை கூடினால் பழைய கிளட்ச் வழுக்கும், ஆகவே கிளட்ச். சூடு கூடும், ஆகவே ரேடியேட்டர். இருபது வருட என்ஜினுக்குள் அழுத்தம் ஏறினால் மூட்டை அடைக்கிற கேஸ்கட் தாங்காது, ஆகவே என்ஜினைப் பிரித்து வேலை. கடைசி வரியில் “பிரேக்” என்று போட்டிருந்தாள். ஏறுகிற விஷயத்தில் பிரேக் எதற்கு என்று போன் செய்தேன்.

“ஏறினா இறங்கணுமில்லீங்க அங்கிள்.”

கூட்டினால் ஒன்றரை லட்சத்தைத் தொடுகிறது. வண்டியை இன்று விற்றால் அறுபதாயிரம் வந்தால் அதிகம். மூக்கடைப்புக்கு வைத்தியம் கேட்டால் ஆளையே மாற்றச் சொல்கிறார்கள். இதற்கு மேல் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும், இன்சூரன்சுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வேறு வண்டி வாங்கிவிடலாமே என்று மகன் பெங்களூரிலிருந்து போனில் சொன்னான். அவனுக்கு எல்லாமே தவணைதான்.

பிப்ரவரி 1, சனி

வசந்தா வருகிற முறை. வரவில்லை. விழா ஒத்திகை இருக்கிறதாம். இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைத்தேன், மீதியில் தண்ணீர் ஊற்றினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறுச்சாமி சும்மா இருக்க மாட்டார். ஆன்லைனில் “மின்சார சூப்பர்சார்ஜர்” ஒன்றை எனக்காகத் தருவித்துவிட்டார். மூவாயிரத்துச் சொச்சம். பேட்டரியில் ஓடுமாம். பேட்டரி என்றால் அவருக்கு ஒரு பாசம்.

காற்று வடிகட்டிக்கு முன்னால் அதை டேப் சுற்றி மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பியூட்டி பார்லரில் தலை காய வைக்கிற மாதிரி. மேம்பாலத்தில் ஏற்றினோம். வண்டி அதே வேகம்தான், சத்தம் மட்டும் இரண்டு மடங்கு. ஆறுச்சாமி பின் சீட்டில் கற்களோடு கற்களாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முன் சீட்டிலும் இரண்டு கற்கள் இருக்கின்றன. பிரேக் போட்டால் காலில் வந்து விழும் என்று அவற்றுக்கு பெல்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

“கொஞ்சம் வேகம் தெரியுதுங்களா மாப்ள?”

“முடி பறக்குதுங்க,” என்றேன்.

இப்போது அந்த ஊதி அவர் கடையில் பேட்டரி மேல் தூசு தட்டுகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

உட்கார்ந்து தீர யோசித்தேன். மூன்று வழி. ஒன்று, ஒன்றரை லட்சம் போட்டு ஊதி வைப்பது. அறுபதாயிரம் ரூபாய் வண்டி நாலு நாள் ராஜாவாக ஏறும், ஐந்தாம் நாள் கேஸ்கட் போகும். இரண்டு, பெரிய என்ஜின். பேப்பர் வேலைக்கே இந்த வருடம் போய்விடும். மூன்று, வேறு வண்டி; அதில் கற்களை ஏற்ற மகன் விடமாட்டான்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, உக்கடத்தில் போய் வால்பாறை பஸ்ஸில் உட்காருவது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேமிப்பை எடுத்து ஊதியே வைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ரெஹானாவுக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் ஒரு கேள்வி கேட்டாள்.

“வண்டி எடை எவ்வளவுங்க அங்கிள்?”

“புத்தகத்துல அறுநூத்தம்பதுன்னு போட்டிருக்கு.”

“புத்தகம் வேண்டாமுங்க. நீங்க எப்படி ஓட்டறீங்களோ அப்படியே கொண்டுபோய் எடை மேடையில நிறுத்தி எழுதிட்டு வாங்க. அதை வெச்சுத்தான் எவ்வளவு அழுத்தம் வேணும்னு பாக்கணும்.”

என்னிடம் எடை கேட்கிறாள். சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மாலையிலிருந்து யோசிக்கிறேன். எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

சிங்காநல்லூரில் குப்புராஜ் லாரி எடை மேடை வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்னால் நானே சோதித்து அரசு முத்திரை வாங்கிக் கொடுத்த மேடை. வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய் எண்ணைப் பார்த்தேன். தொள்ளாயிரம்.

“குப்புராஜ், மேடை தப்புக் காட்டுது,” என்றேன்.

“காலையில பஞ்சு லாரி போட்டமுங்க, சரியாத்தானே இருந்துச்சு,” என்றார் அவர்.

“இந்த வண்டி அறுநூத்தம்பதுங்க. இருநூத்தம்பது கிலோ எங்கிருந்து வந்துச்சு? உங்க மேடைக்கு என்னமோ ஆயிருச்சு. இருங்க, என்கிட்ட கல்லு இருக்கு.”

நான் சோதித்த மேடை நான் கொடுத்த மூன்று மாதத்தில் பிசகுவதா? எனக்கு ரோஷம். டிக்கியைத் திறந்தேன். ஒரு கல்லைத் தூக்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் மேடை மேலேயே வைத்தேன். இறங்கி வந்து பார்த்தேன், இருபது கிலோ ஏறியிருக்க வேண்டும். எண் அசையவில்லை. தொள்ளாயிரம். இரண்டாவது கல்லை வைத்தேன். தொள்ளாயிரம். மூன்று, நான்கு. எண் அப்படியே நின்றது.

“பாத்தீங்களா? மேடை செத்துக் கெடக்குது,” என்று குப்புராஜிடம் சத்தம் போட்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், லாரிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

ஆறாவது கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டிக்கும் தரைக்கும் நடுவில் குனிந்திருந்தேன். இடுப்பில் சுரீரென்று பிடித்தது. அப்படியே நின்றேன். அப்போதுதான் உறைத்தது. கல் இதற்கு முன்னால் எங்கே இருந்தது? வண்டிக்குள். வண்டி எங்கே இருந்தது? மேடை மேல்.

கல்லைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். குப்புராஜ் ஓடி வந்தார். இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். நானும் இடுப்புப் பிடிப்பு என்றே சொன்னேன்.

அவரும் டீ வாங்கி வந்த அவர் மச்சானும் சேர்ந்து பன்னிரண்டு கற்களையும் மேடையை விட்டு இறக்கினார்கள். பெரிய டூல் பெட்டியையும் இறக்கினேன். எண் அறுநூற்று ஐம்பதில் வந்து நின்றது. மேடையில் ஒரு தப்பும் இல்லை. நான் கொடுத்தது நான் கொடுத்தபடியே இருக்கிறது.

வசந்தா இருந்தவரை வாரக் கடைசியில் “கல்லை எறக்குங்க, வண்டி பாவம்” என்பாள். அவள் போன பிறகு வேலைக்கு இறக்குவதோடு சரி, உடனே திரும்ப ஏற்றிவிடுவேன். முதலில் டிக்கி, பிறகு பின் சீட்டு, பிறகு முன் சீட்டு. ஊரெல்லாம் எடை பார்க்கிறவன் என் வண்டி என்ன சுமக்கிறது என்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கற்கள் கடையில். ரெஹானாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள்.

“இருநூத்தம்பது கிலோ கொறைஞ்சாச்சுங்களா? அதுவே ஊதி வெச்ச மாதிரிதானுங்க அங்கிள். உங்க காசு உங்ககிட்டயே இருக்கட்டும்.”

ரேடியேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, பிரேக்குக்குப் புது லைனிங் போட்டுக் கொடுத்தாள். ஏறினால் இறங்க வேண்டும் அல்லவா. மருதமலை ரோட்டில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறது. ஒரு ஷேர் ஆட்டோவை முந்தினேன். திரும்பிப் பார்த்து அனுதாபமும் பட்டேன்.

இனி வால்பாறைக்குப் போகத் தடையில்லை. நல்லது.

பிப்ரவரி 13, வியாழன்

இருபத்திரண்டாம் தேதி நல்ல முகூர்த்தம். எப்படியும் யாராவது கல்யாணப் பத்திரிகை வைத்திருப்பார்கள், அதைச் சொல்லி நின்றுவிடலாம். பீரோவைத் தேடினேன், ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பின் டயர் தேய்ந்திருக்கிற மாதிரி தெரிகிறது. ஆறுச்சாமியிடம் காட்டினேன். “ரெண்டு வருஷம் ஓடுமுங் மாப்ள,” என்றார். தெரிந்ததில் பாதி தப்பு என்று எழுதியிருந்தேன். மற்ற பாதி இப்படித் தேவையில்லாத நேரத்தில் வந்து நிற்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். வண்டி காரணமில்லை.

அவள் வேலையில் சேர்கிற அன்று நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். ஜூன் மாதம், நல்ல மழை. ஆழியாறு தாண்டி எட்டு வளைவு முக்கி முனகி ஏறியது. ஒன்பதாவது வளைவில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் அரசு பஸ். வழியடைத்து நிற்கிறது என் வண்டி. பஸ்ஸில் இருந்த இளவட்டங்கள் இறங்கி என் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அவள் பத்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கண்டக்டர் சொன்னார்: “டீச்சரம்மா இதுல ஏறிக்கட்டும். நாங்க கொண்டுபோய் சேர்த்துக்கறோம். நீங்க பொறுமையா வாங்க சார்.”

நல்ல மனுஷர். நல்லதாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்றுகூடத் தெரியாது. வசந்தா பெட்டியோடு ஏறினாள். ஜன்னலிலிருந்து “வந்துருவீங்கல்ல?” என்றாள். தலையாட்டினேன். வண்டி ஆறியதும் திருப்பிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அவள் எச்.எம். ஆனாள், நான் ஒன்பதாவது வளைவு ஆள் ஆனேன். அந்த ஊரில் அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் இருப்பார்கள் என்ற ஒரே நினைப்பில் இவ்வளவு நாளை ஓட்டியிருக்கிறேன். ஒன்றரை லட்சம் போட்டு ஊதி வாங்க இருந்ததும் மலைக்காக இல்லை, அவர்களுக்காக.

அன்றைக்கும் டிக்கியில் கல் இருந்தது. இடமில்லையென்று அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அவள் போன் செய்தாள். பரிசுக் கோப்பைகள் வந்துவிட்டன, நாடகத்தில் புலி வேஷம் இன்னாருக்கு என்றெல்லாம் சொன்னாள். ஆண்டு விழாவுக்கு வருகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்தேன். “சாப்ட்டுட்டுத் தூங்குங்க” என்று வைத்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

வண்டியைக் கழுவினேன். முன் சீட்டில் கற்கள் இருந்த இடத்தில் சதுரமாக இரண்டு துருக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சோடா உப்பு தேய்த்தேன். சீட்டு மணக்கிறது, கறை போகவில்லை. வசந்தாவின் நீலத் துண்டை மேலே விரித்துவிட்டேன்.

ஆறுச்சாமியிடம் கடைச் சாவியைக் கொடுத்தேன். “எங்கீங் மாப்ள?” என்றார். “எச்.எம்.மைப் பாக்க,” என்றேன். சொல்லிப் பார்த்தால் நாக்கு ஒன்றும் சுடவில்லை.

பிப்ரவரி 22, சனி, வால்பாறை

விடியுமுன் கிளம்பினேன். பொள்ளாச்சியில் டீ. ஆழியாறில் செக்போஸ்ட்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது. ஒன்பதாவது வளைவில் நாலைந்து பேர் வரையாடுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கியரில் திரும்பினேன். அது ஒரு வளைவு. அவ்வளவுதான். அதற்கு மேல் இன்னும் முப்பத்தொன்று இருந்தன.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவள் குடியிருக்கிற வீடு. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை காலியாக இருந்தது. மழை தூறவே வண்டியை அதற்குள் விட்டேன். பள்ளிக் காவலர் யேசுராஜ் குடையோடு ஓடி வந்தார்.

“சார், சார், இங்க போடக் கூடாது. வெளிய கிரவுண்டுல போடுங்க.”

“மழையா இருக்கேப்பா.”

“மழைன்னாலும் முடியாது சார். எச்.எம். அம்மா திட்டுவாங்க. போன மாசம் பெரிய ஆபீசர் ஜீப்பையே விடல. இது அவங்க வீட்டுக்காரர் வண்டிக்குன்னு அவங்க கைக்காசுல போட்ட கொட்டாய்.”

கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எப்பப் போட்டது?”

“அவங்க வந்த மாசமே. மழையில வண்டி சூடாகி நின்னுருச்சாம், ஆறினதும் வந்துருவாரு, நனையாம நிறுத்தணும்னாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ பெருக்க வெப்பாங்க.”

தரையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பாசி. நடுவில் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஒரு டயர் தடம் இல்லை.

“நான்தான்பா அந்த வீட்டுக்காரர்,” என்றேன்.

யேசுராஜ் குனிந்து வண்டியை ஒருமுறை பார்த்தார். “இப்பத்தான் ஆறுச்சா சார்?” என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. குடையை என் தலைக்கு மேல் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

வசந்தா மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டிருந்தது நின்றது. மைக்கைக் கீழே வைக்க மறந்து இறங்கி வந்துவிட்டாள்; வயர் இழுபட்டு ஸ்டாண்டு விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். நூற்றைம்பது கிராம் இருக்கும். எல்லோரும் “எச்.எம். வீட்டுக்காரர்” என்றே அறிமுகப்படுத்தினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாவது வளைவு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. புலி வேஷம் போட்டவன் வசனத்தை மறந்துவிட்டான், அதைப் பற்றித்தான் ஊரே பேசியது.

பிப்ரவரி 23, ஞாயிறு, வால்பாறை

காலையில் சோலையாறு அணை வரை ஒரு சுற்றுப் போகலாம் என்றாள். வண்டிக்கு என்ன செய்தீர்கள், இப்படி ஏறியிருக்கிறதே என்று இரவெல்லாம் துளைத்தாள். சொல்லவில்லை. மாறுதல் பற்றி அவளும் எடுக்கவில்லை. ஆகவே நானே சொன்னேன்.

“மாறுதல் கேக்க வேண்டாம் வசந்தா. உனக்கு இங்க மனசு ஒட்டியிருக்குன்னு நேத்துப் பாத்தாலே தெரியுது. இன்னும் கொஞ்ச காலம் இரு. மாசத்துல ஒருக்கா நீ எறங்கு, ஒருக்கா நான் ஏறறேன். கொட்டாய் போட்டது சும்மா கெடக்கலாமா?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டிக் கதவைத் திறந்தாள். சீட்டில் விரித்திருந்த நீலத் துண்டைப் பார்த்தாள். எதையும் தூக்கிப் பார்க்காமல் உட்கார அவளுக்குத் தெரியாது. தூக்கினாள்.

“இதென்னங்க கறை?”

மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“கல்லு. நீ இங்க வந்ததுக்கப்புறம் சீட்டு காலியாக் கெடந்துச்சு. பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு. அதுல ஏத்தி வெச்சிருந்தேன்.”

“என் சீட்டுலயுங்களா?”

“ஆமா.”

“எத்தனை?”

“ரெண்டு. நாப்பது கிலோ.”

அவள் அந்தச் சதுரங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் கொட்டகையின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் அறுபத்தி நாலுங்க,” என்றாள். “இருபத்தி நாலு கிலோ கொறைச்சு வெச்சிருக்கீங்க. தராசுக்காரரு எடையில ஏமாத்தலாமுங்களா?”

துண்டை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு, கறையின் மேலேயே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.